உங்களுக்குத் தெரியுமா? ரோடு கை மாறினால் செலவு யார் தலையில்?

● வெள்ளகோவில் நகராட்சி வழியாகப் போகும் கோவை–திருச்சி ரோடு தேசிய நெடுஞ்சாலை 81 (முன்பு 67). அதற்கு ஜல்லி, தார் போட நகராட்சி காசு எடுத்து வைப்பதில்லை. அதைவிட்டு உள்ளே திரும்பி, தோட்டத்துச் சாளைகளுக்கு (தோட்ட வீடுகளுக்கு)ப் போகும் ரோடு நகராட்சி எல்லைக்குள் வந்தால், பெரும்பாலும் நகராட்சி கணக்குத்தான்.

● கொங்குக் கிராமங்களில் பலர் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. இருபுறமும் கிளுவை வேலி, நடுவே ஒற்றை மாட்டு வண்டித் தடம், அதுதான் இட்டேரி. அது தார் ரோடாகிவிட்டால் பராமரித்தே ஆக வேண்டும். டவுனில் ஒரு வீதிக்கு ஐம்பது வீட்டு வரி வரும். இங்கே அதே நீளத்துக்கு நாலு சாளை இருந்தால் அதிகம்.

● பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய நாள் 2000 டிசம்பர் 25. போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது அதன் நல்ல விதி. ஆனால் திட்டம் கிராமங்களுக்கு மட்டும். ஊர் நகராட்சியானால் அடுத்த ரோட்டுக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளும், நூறு நாள் வேலையைப் போலவே.

● 2011-ல் கோவை மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆனது. திருப்பூர் இன்னும் ஒரு படி மேல்: 27 எங்கே, 159 எங்கே! நல்லூர், வேலம்பாளையம் நகராட்சிகளோடு 8 ஊராட்சிகளும் உள்ளே வந்தன, அவற்றின் ரோடுகள் சகிதம்.

● அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 16 மடங்கு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட விட்டுக் கண்டறிந்த கணக்கு இது. நூல் மூட்டை ஏற்றிய லாரிக்கு மோட்டார் வாகன வரி மாநில அரசுக்குப் போகிறது. குழி மட்டும் உள்ளூரில் தங்கிவிடுகிறது.

● ரோட்டை வாங்கிக்கொள்ளச் சொன்ன கதையும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு, ஊருக்குள் ஓடும் மாநில, மாவட்டச் சாலைகளை உள்ளாட்சி ரோடுகளாக மாற்றும் வேலை தமிழகத்தில் ஆரம்பித்தது. பெயர் மாறினால் கடை தப்பிக்குமல்லவா! பராமரிப்புச் செலவு? அதைக் கேட்க அப்போது கவுன்சிலரே இல்லை. 2016 அக்டோபரிலிருந்து தனி அலுவலர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதி வழக்குத் தொடுக்க, அப்படி மாற்றும் ரோடுகளில் 3 மாதத்துக்குக் கடை திறக்க 2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஜூலையிலோ, அந்த 500 மீட்டர் உத்தரவு நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொல்லிவிட்டது.