அருகில் ஒருவர் உட்கார்ந்திருந்த காலம்

ஆங்கிலத்தில் ஒருவர் நிதானமாகப் பேசினாலே நிமிடத்துக்கு 120 சொல் வந்துவிடும். சாதாரண எழுத்தில் கை எவ்வளவு ஓடினாலும் 30 சொல்லைத் தாண்டுவது அரிது. மிஞ்சுகிற 90 சொல்லையும் நழுவவிடாமல் தாளில் இறக்குவதற்கு, பென்சிலைத் தவிர வேறு எதுவும் கேட்காத கருவி சுருக்கெழுத்து. அதைவிட வல்ல குறிப்பு முறை எனக்குத் தெரிந்து இல்லை. கற்க வந்தவரை அதைப் போலப் படுத்துவதும் இல்லை. திருநெல்வேலி டவுணில் அது பிள்ளைகளின் கைக்கு வந்துசேர்ந்த விதம் அன்று ஒன்று, இன்று வேறு.

எண்பதுகளில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களிலும், பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் மேலே மாடியில் காமர்ஸ் இன்ஸ்டிடியூட்டுகள் நடந்தன. பலகையில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், அக்கவுண்டன்சி என்று மூன்றும் எழுதியிருக்கும். முதலாவதற்குக் கூட்டம், இரண்டாவதற்கு ஒரு பெஞ்சு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் நின்ற பையன்களும், கல்யாணம் முடிவாகும்வரை ‘சும்மா இருக்க வேண்டாம்’ என்று அனுப்பப்பட்ட பெண்களும் அந்த பெஞ்சில் இருந்தார்கள். பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வந்து டவுண் ஸ்டேஷனில் இறங்கினார்கள். மனதில் இருந்த இடங்கள் தெளிவானவை: கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், பாளையங்கோட்டைக் கோர்ட்டுகள், விக்கிரமசிங்கபுரம் மில், தாழையூத்து சிமெண்ட் ஆலை. அங்கெல்லாம் கிடைக்காவிட்டால் பம்பாய். கையில் ஷார்ட்ஹேண்ட் இருந்தால் ரயிலேறலாம் என்ற நம்பிக்கை தாமிரபரணிக் கரை ஊர்களில் பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது.

எழுதியது பிட்மன் முறை. ஐசக் பிட்மன் என்ற இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் 1837இல் வெளியிட்ட முறை அது. எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எழுதுவதே அதன் அடிப்படை. ‘ட’ ஒலிக்கு நேராக இறங்கும் ஒரு கோடு. ‘ப’ ஒலிக்கு வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு கோடு. இரண்டையும் சேர்த்தால் ட-ப. அதைத் தாளில் அச்சிட்ட வரிக்கோட்டுக்கு மேலே எழுதினால் டாப், வரிக்கோட்டில் எழுதினால் டேப், வரிக்கோட்டை வெட்டி எழுதினால் டிப். உருவம் ஒன்றுதான்; இடம் மாறினால் குழாய் நாடாவாகும், நாடா நுனியாகும். உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கீற்றும் உண்டு என்றாலும் வேகம் வந்த பிறகு அவற்றைப் போட நேரமிருக்காது. கோட்டின் இடத்தையும் வாக்கியத்தின் போக்கையும் வைத்து வாசிப்பவர்தான் அவற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் காத்திருந்தது. பிட்மனில் மெல்லிய கோடும் தடித்த கோடும் வேறு வேறு ஒலிகள். கடையில் தருகிற பில்லுக்குத் தடித்த கோடு. டாக்டர் எழுதித்தருகிற பில்லுக்கு மெல்லிய கோடு. நம் எழுத்திலோ இரண்டுக்கும் ஒரே ‘ப’. பத்து வருடம் தமிழில் படித்துவிட்டு வந்தவர் காதால் பிரித்துக் கேட்டுப் பழகாத ஒன்றை, விரலின் அழுத்தத்தால் பிரித்து எழுத வேண்டியிருந்தது. இந்த இடத்தில் புத்தகம் உதவாது. எனக்குக் கற்றுத்தந்த சார் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று, எழுதுகிற கையைத்தான் பார்ப்பார். “ஏல, இம்புட்டு அமுக்காத. கனமாப் போட்டா வேற சொல்லா மாறிரும்லா” என்பார். பென்சிலைப் பிடுங்கி, நுனியைத் தாளில் தேய்த்து மழுக்கி, சற்றுச் சாய்த்துப் பிடிக்கவைத்துத் திருப்பித் தருவார். ஒரு வாரம் ஒரே கோடு. மெல்லியது, தடித்தது, மெல்லியது, தடித்தது. பக்கம் பக்கமாக அதுதான்.

புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் நின்றுவிடுவது முதல் மூன்று மாதத்துக்குள். எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல் போகும் நாள்தான் அவர்களை விரட்டியது. சார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நேற்று எழுதியதை இன்று வாசிக்கவைப்பார். தடுமாறினால் திட்டமாட்டார், பக்கத்தில் ஹையர் தேர்வுக்குப் படிக்கிற அக்காவிடம் நோட்டைக் கொடுப்பார். அக்கா விரலை வைத்து, “இது கோட்டுக்கு மேல நிக்குது பாருங்க, அப்ப என்ன வரும்?” என்று கேட்பார். விடையைச் சொல்லிவிட மாட்டார். மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தருவதற்குக் கட்டணம் கிடையாது. அப்படிச் சொல்லித்தந்தே தன் பிழைகளையும் திருத்திக்கொண்டார்கள். பிறகு டிக்டேஷன். இந்து நாளிதழின் தலையங்கத்தில் 20 சொல்லுக்கு ஒரு சாய்கோடு போட்டு, கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். 15 விநாடிக்கு ஒரு கோட்டைத் தாண்டினால் 80 வேகம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் 120.

இப்படித் திருத்தித் தருகிற மனிதர் இல்லாமல் இந்த முறை எளிதில் வேரூன்றுவதில்லை. பிட்மனுக்கே அது தெரிந்திருந்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும், பாடத்தைத் தபாலில் அனுப்பி, மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பினார். 1843இல் அதற்காகவே ஒரு சங்கம் உருவானது. அதன் உறுப்பினர்கள் புதியவர்களின் பயிற்சித் தாள்களை இலவசமாகத் திருத்தித் தந்தார்கள். அஞ்சல்வழிக் கல்வியின் தொடக்கம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, முகம் தெரியாத ஒருவரின் தவறான கோட்டை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்தார் என்பது.

விடுபட்டதை வாசிப்பவர் நிரப்புவதும், அதை ஒருவர் அருகில் இருந்து கற்பதும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழியும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டை வாசிப்பவர் மொழியறிவால் அதை நிரப்பினார். நிரப்பக் கற்றதோ ஆசிரியரின் அருகில் உட்கார்ந்து. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த காலத்தில், வீடுகளில் ஓலைக் கட்டுகள் கிடந்தன, வாசிக்கத் தெரிந்தவர் குறைந்துகொண்டிருந்தார்கள். விடுபட்டதை வாசிப்பவர் நிரப்ப வேண்டிய எழுத்து எதுவானாலும், அதைச் சொல்லித்தரும் வரிசை ஒரு தலைமுறை அறுந்தால் போதும், எழுதிவைத்தது ஊமையாகிவிடும்.

குறிப்பெடுக்கும் கைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதையும் இந்த ஊர் அறியும். 1908இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளைப் போலீசார் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் வழக்கில் சாட்சியமாயின. அவ்வாண்டு ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பேசியவர் சொன்னதும் தாளில் ஏறியதும் ஒன்றா என்ற கேள்வி அப்படிப்பட்ட இடத்தில் சிறிய கேள்வி அல்ல.

இனி இன்றைய நிலை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வு இன்னும் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. ஷார்ட்ஹேண்ட் லோயர் 80, இன்டர் 100, ஹையர் 120, அதற்கு மேல் 150இல் தொடங்கும் ஹைஸ்பீடு. டைப்ரைட்டிங் லோயர் 30, ஹையர் 45. குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ-டைப்பிஸ்ட் இடங்கள் இருப்பதால் டவுணில் டைப்பிங் கிளாசுகளுக்குப் பஞ்சமில்லை. காலையிலேயே மாடிப்படிகளில் செருப்புகள் நிறைந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பலகைகளில் ‘ஷார்ட்ஹேண்ட்’ என்ற சொல் வண்ணம் போய்க் கிடக்கிறது. கேட்டால், “சொல்லித்தர ஆள் இல்லீங்க, பெரிய சார் இருந்தவரைக்கும் நடந்துச்சு” என்கிறார்கள். என் கண்ணுக்குப் பட்டவரை, தேர்வும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. நடுவில் இருந்த மனிதர்தான் இல்லை.

அந்த இடத்தில் இப்போது செல்போன் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்று டிக்டேஷன் வேண்டுமென்றால் மாலையில் மாடி ஏற வேண்டும். வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் அன்று பயிற்சி இல்லை. இன்று 60, 80, 100, 120 என்று எல்லா வேகத்திலும் ஒலிப்பதிவுகள் யூடியூபில் கிடக்கின்றன. நள்ளிரவிலும் கேட்கலாம், நிறுத்தி மறுபடி ஓடவிடலாம், வேகத்தைக் குறைக்கலாம். அன்று மாதக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோனவர்களை நான் அறிவேன். இன்று பாடம் கேட்கக் காசு வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சொன்ன வீடுகளில் இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முக்கூடலில் இருக்கிற பெண் முக்கூடலில் இருந்தபடியே பிட்மன் படிக்கலாம். இவையெல்லாம் உண்மையான ஆதாயங்கள்.

ஆனால் வீடியோவில் வருகிறவர் தன் கோட்டைக் காட்டுகிறார். கற்பவரின் கோட்டைப் பார்ப்பதில்லை. எழுதியதைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டால் யாராவது பார்த்துச் சொல்வார்கள்தான். படத்தில் கோட்டின் உருவம் வரும். அதைப் போட எவ்வளவு அமுக்கினார், பென்சிலை எங்கே பிடித்தார், எந்தச் சொல்லுக்கு முன்னால் கை ஒரு நொடி தயங்கியது என்பவை வராது. சார் பின்னால் நின்று பார்த்தது அவற்றைத்தான். ஒரு தவறு கையில் பழகிப்போன பின் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். அன்று அது முதல் நாளிலேயே பிடிபட்டது, இன்று தேர்வில் பிடிபடுகிறது.

சுருக்கெழுத்து என்ற கருவிக்கே போட்டியும் வந்துவிட்டது. 2023 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில், வாதங்களை மென்பொருள் கேட்டு எழுத்தாக்குவது தொடங்கியது. கேரளத்தில் 2025 நவம்பர் முதல் கீழமை நீதிமன்றங்கள் சாட்சியங்களை அப்படிப்பட்ட மென்பொருளில் பதிய வேண்டும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. எங்கள் ஊர்க் கோர்ட்டில் அன்று சாட்சி நெல்லைத் தமிழில் சொல்வார், நீதிபதி அதை ஆங்கிலமாக்கிச் சொல்வார், ஸ்டெனோ எழுதி, டைப் அடித்துக் கொண்டுவருவார். ஒரு நாளின் சாட்சியம் தாளாவதற்கு மாலையாகும். சாட்சி சொன்ன சொல்லே சாட்சி சொன்ன மொழியிலேயே உடனுக்குடன் திரையில் வருமானால், அது ஏழைச் சாட்சிக்குக் கிடைக்கும் பெரிய நன்மை. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் நல்ல ஸ்டெனோ கேட்டதை அப்படியே இறக்கிவிட்டுப் போனவர் அல்லர். சரியாகக் காதில் விழாத இடத்தில் தலை நிமிர்ந்து பார்ப்பார்; சொன்னவர் திருப்பிச் சொல்வார். சந்தேகம் தாளில் ஏறுமுன்பே அங்கே தீர்ந்துவிடும்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) இன்றும் ஸ்டெனோகிராபர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பத்து நிமிட டிக்டேஷன்; கிரேடு டி-க்கு 80 வேகம், கிரேடு சி-க்கு 100. எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஆங்கிலமாக்கித் தர கிரேடு டி-க்கு 50 நிமிடம், சி-க்கு 40. ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே எழுதலாம். தமிழ்ச் சுருக்கெழுத்துக் கற்றவருக்கு அங்கே இடமில்லை. மாநில அரசின் அலுவலகங்களும் சட்டமன்றமுமே பெரும்பாலும் அவருக்கு உள்ள வாசல்கள். ஆகவே டவுணில் இன்று இதைக் கற்க வருகிற சிலரும் ஆங்கிலத்தையே கேட்கிறார்கள். தமிழ்ச் சுருக்கெழுத்தைச் சொல்லித்தருபவர் இன்னும் அரிதாகிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார். வாரத்தில் ஆறு நாள் போனில் டிக்டேஷன் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து டவுணுக்கு வந்து, கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஆறு நாள் நோட்டையும் வாசித்துக்காட்டுகிறார். அந்த அம்மா பணம் வாங்குவதில்லை. நின்றுவிடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் தாண்டிவிட்டது. வருகிற ஆகஸ்டில் லோயர் எழுதப்போகிறார், அடுத்த பிப்ரவரியில் இன்டர். கை 100ஐத் தொட்டதும் கிரேடு சி-க்கு விண்ணப்பம் போடுவதாக இருக்கிறார்.