கூமுட்டைக்குப் பெட்டை மட்டுமா காரணம்?

உத்திரமேரூர்ப் பக்கம் அடை வைத்த பத்து முட்டையில் நாலைந்து கூமுட்டையாகப் போனால், "இந்தப் பெட்டைக்கு ராசியில்லை, சரியா அடை காக்கல" என்று சொல்லிவிடுவார்கள். கொல்லையில் கூவிக்கொண்டிருக்கும் சேவலை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சேவலின் விந்தணு வந்து சேர்ந்தால்தானே முட்டையில் உயிர் தங்கும்!

கண்ணுக்குத் தெரியாத அந்த அணுவுக்கும் ஒரு வடிவம் உண்டு. சேவலின் விந்தணு மெல்லிய நூல் மாதிரி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தலை லேசாக வளைந்திருக்கும். நீண்ட வாலை அடித்து நீந்தும். சிட்டுக்குருவிக்கோ தலையே திருகாணி போல முறுக்கியிருக்கும், சுழன்றுகொண்டே முன்னேறும்.

வடிவத்தைப் பொறுத்து வேகமும் மாறும். கூண்டில் வளர்க்கிற ஃபின்ச் குருவிகளில் நீளமான விந்தணு வேகமாக நீந்துகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2009-ல் கண்டார்கள். எல்லாப் பறவைக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது.

பெட்டையின் உடம்புக்குள் விந்தணுவைச் சேமிக்க நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. நீந்தத் தெம்புள்ளவைதான் அங்கே போய்ச் சேரும். மற்றவை வழியிலேயே நின்றுவிடும். சேர்ந்தவை இரண்டு வாரம் வரை உயிரோடிருக்கும். சேவலை விற்ற பிறகும் குஞ்சு பொரிப்பது இதனால்தான்.

அடை வைத்த ஏழாம் நாள், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் வலை போலத் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் விந்தணு சேராத முட்டை. அப்படி நிறைய இருந்தால் சேவலை மாற்றுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல வாலிபச் சேவல் போதும்.

சகோதரிகளே, கோழிக்குச் சொன்ன நியாயம் நம் வீட்டுப் பெண்ணுக்கும் உண்டல்லவா? குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, நீந்தும் திறன், வடிவம் மூன்றையும் பார்ப்பார்கள். நூற்றுக்கு நான்கு சரியான வடிவில் இருந்தாலே வடிவக் கணக்கில் தேறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. வலியில்லாத, சுலபமான பரிசோதனை.

சேர்ந்து வாழ்ந்து ஒரு வருஷமாகியும் கரு தங்கவில்லையா? மருமகளை மட்டும் டாக்டரிடம் அனுப்பாதீர்கள். மகனையும் கூடவே அனுப்புங்கள்.