மறுபடியும் ஓர் ஆபரேஷனா?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் என் மனைவியிடம், "என்னம்மா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டும் மறுபடி வெயிட் போட்டுட்டீங்களே?" என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டார். ஆனால் கல்யாண் திரும்பும் லோக்கல் ரயிலில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, இன்னொரு தடவை ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?" என்றாள்.

அதற்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை, அவள் சம்மதத்துடன், இதே நிலையிலுள்ள குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்.

2017-ல் அவள் எடை 104 கிலோ. சர்க்கரை வியாதியும் இருந்தது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கி, மீதியை ஒரு குழாய்போல் ஆக்கும் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்தார்கள். 2019-ல் எடை 71 ஆனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 89-ல் வந்து நின்றது. குறைந்த 33 கிலோவில் 18 திரும்பிவிட்டது.

தண்டவாளத்தில் விரிசல் கண்டால் அந்தத் துண்டை மாற்றுவோம். அதே இடத்தில் மறுபடி விரிசல் வந்தால், அடுத்த துண்டைக் கொண்டுவருமுன் கீழே ஜல்லி எப்படியிருக்கிறது என்று பார்ப்போம். உடம்புக்கும் அதே முறைதான் என்றார் நாங்கள் கண்ட டாக்டர்.

எடை திரும்புவதற்குக் காரணம் ஒன்றல்ல. இரைப்பைக் குழாய் நாளடைவில் விரியலாம். எடை குறைந்த உடம்பு செலவைச் சுருக்கி, பசியைக் கூட்டி, பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கும். இது மனஉறுதிக் குறைவல்ல, உடம்பின் இயல்பு. ஒரே வேளையில் அதிகம் சாப்பிட முடியாதவர்கள் நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதும் உண்டு. பிஸ்கட், முறுக்கு, சர்க்கரை போட்ட காப்பி எல்லாம் அந்தச் சின்ன இரைப்பையிலும் சுலபமாக இறங்கிவிடும்.

என் மனைவிக்கு எண்டோஸ்கோபி செய்தார்கள். குழாய் அதிகம் விரியவில்லை. ஆனால் அமிலம் மேலே ஏறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. ரத்தத்தில் பி-12 குறைவு. வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய சத்து மாத்திரைகளை அவள் என்றோ நிறுத்தியிருந்தாள். முழங்கால் வலியால் நடையும் நின்றிருந்தது. ஒரு வாரம் உண்டதையெல்லாம் நோட்டில் எழுதியபோது, மாலை நேரக் கொறிப்பும் ஐந்து காப்பியும் தெரிந்தன.

இரண்டாவது ஆபரேஷனில் ஸ்லீவை 'பைபாஸ்' ஆக மாற்றுவது வழக்கம். சிறிய இரைப்பைப் பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். அமிலத் தொல்லைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் எடைக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். பழைய தழும்புகள் உள்ள வயிற்றில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் முதல் முறையைவிட அதிகம். குறையும் எடையோ பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைவு. சத்துக் குறைபாடும் கூடும்.

வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட், டிர்ஸெபடைட் ஊசிகள் 2025 முதல் நம் நாட்டில் எடை குறைப்புக்கும் கிடைக்கின்றன. டாக்டர் மேற்பார்வையில்தான் போட வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பக்கூடும்.

இரண்டாம் ஆபரேஷனுக்குச் சம்மதிக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்:

1. எடை ஏறியதற்குக் காரணம் என்ன? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?
2. எனக்கு எவ்வளவு எடை குறையும் என்று எதிர்பார்க்கலாம்?
3. இத்தகைய இரண்டாம் ஆபரேஷன்கள் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?
4. உணவு, மருந்து முறைகளை முதலில் முயன்று பார்க்கலாமா?
5. பிறகு ஆயுள் முழுதும் என்னென்ன மாத்திரை, பரிசோதனை தேவை?

காப்பீடு இருந்தால், இரண்டாம் முறைக்கும் பணம் தருவார்களா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஆறு மாதம் தவணை கேட்டிருக்கிறாள். நான்கு மாதம் ஆகிறது. ஊசி, நோட்டு, மாலையில் என்னுடன் நடை. எடை இப்போது 83. அமிலத் தொல்லை தீராவிட்டால் பைபாஸ் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். முடிவு அவளுடையது. ஆனால் அது ஒருவர் கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டு எடுத்த முடிவாக இராது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவில் இப்படி ஒருவரைக் கண்டால், "சௌக்கியமா?" என்று மட்டும் கேளுங்கள். அது போதும்.