படிக்கும் குழந்தையும் பழகும் குழந்தையும்

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில், தம் 69-வது வயதில், இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் புதல்வர் மரியோவுடன் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்கள் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைப் பகை நாட்டுப் பிரஜையாகக் கருதிற்று. மரியோவைக் காவலில் வைத்து, அம்மையாரின் 70-வது பிறந்த நாளை ஒட்டியே விடுவித்தது. ஐரோப்பாவுக்கு அவர் திரும்பியது 1946-இல்.

அவர் வகுத்த கல்வி முறையில் குழந்தை முதலில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகுகிறது. இது பலரும் அறிந்தது. அதற்கு அடுத்த படியைத்தான் நாம் போதிய சிரத்தையோடு கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். குழந்தை ஒரு காகிதச் சீட்டை எடுத்து, வாய் திறவாமல் மனத்துக்குள் படித்து, அதில் கண்டபடி நடந்து காட்ட வேண்டும். அம்மையாரின் முதல் நூலிலேயே வருகின்ற அத்தகைய சீட்டு ஒன்று, தோழர்கள் எட்டுப் பேரிடம் மிகவும் மரியாதையாகச் சொல்லி அவர்களை எழுந்திருக்கச் செய்து, அறையின் நடுவே இரண்டு வரிசையாக நிறுத்தி, ஓசையின்றி நுனிக்காலில் நடக்கவைக்குமாறு பணிக்கிறது. சீட்டைப் படித்த குழந்தை 'மரியாதையாக' என்ற சொல்லைப் புரிந்துகொண்டதா என்பது, அது தன் தோழனை அணுகும் குரலிலும் முகத்திலும் தெரிந்துவிடுகிறது. கேட்கப்பட்ட எட்டுப் பேரும் தத்தம் வேலையை விட்டு எழுந்து, காத்திருந்து, ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பும் பழக்கவழக்கமும் ஒரே காரியமாகிவிடுகிற இந்த இடத்தைக் காட்டிலும் உயர்ந்த வாசிப்புப் பரீட்சை ஒன்றை நான் அறியேன்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுக்கும் பரீட்சை நம் வீடுகளிலும் புகுந்துவிட்டது. குழந்தை தடுமாறாமல் வாசித்தால் தாய் மகிழ்கிறாள், அது இயற்கையே. வாசித்த கதையில் வருகிறவன் ஏன் அழுதான் என்று கேட்க மட்டும் அவளுக்குப் பொழுதில்லை.

1996-இல் சென்னையில் தொடங்கப்பெற்று, ஆங்கிலமும் தமிழும் உட்பட ஒன்பது மொழிகளில் குழந்தை நூல்களை வெளியிட்டு வருகின்ற தூலிகா பதிப்பகத்தின் வெளியீடுகளில், ஜாய் விட்டேக்கர் எழுதிய அப்படிக் கேட்கத் தூண்டுகிற, காளி என்ற இருளர் பழங்குடிச் சிறுவனின் கதை ஒன்று உண்டு. தகப்பன் பாம்பு பிடிப்பவர். மகன் தின்பது வறுத்த ஈசல். ஆகவே பள்ளியில் அவனுக்குத் தோழர்கள் இல்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு நுழைந்து, எல்லாரும் கதிகலங்கி நிற்கையில், அவன்தான் அதைப் பிடிக்கிறான். நூல் என்பது குழந்தைக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் அமைய வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இக்கதை கண்ணாடி. மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு ஜன்னல்.

எனக்குத் தெரிந்த தியாகராய நகர்க் குடும்பம் ஒன்றில் பாட்டி இதைப் பேரனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, பையன் இடைமறித்து, "பாட்டி, காளிக்கு ஏன் ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல?" என்றான். "நீயே சொல்லேன், கண்ணா" என்றார் பாட்டி. சற்று யோசித்துவிட்டு, தன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த, தமிழ் பேசத் தெரியாத, தினமும் சப்பாத்தி கொண்டுவந்து தனியே உட்கார்ந்து தின்கிற ஒரு பையனைப் பற்றி அவன் சொல்லலானான். அன்று மீதிக் கதை படிக்கப்படவில்லை. பாட்டியும் அவசரப்படுத்தவில்லை, அந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன்.

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தைத் தொடங்கியது. பொருள் புரிதல் என்பதில் பிறர் மனம் புரிதலும் அடங்கும் என்று கொண்டு, ஆசிரியர் நாள்தோறும் ஒரு கதையை உரக்கப் படித்து, நடுவே நிறுத்தி, "இவன் இப்போ என்ன நெனச்சிருப்பான்?" என்று வினவி, குழந்தைகள் பேசி முடிக்கும் வரை காத்திருப்பதற்கு வகுப்பு அட்டவணையிலேயே அரைமணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.