மகனே, யாரோடு இருந்தாய்?



நம் புதுக்கோட்டை நகரில் பார்ஸ்டல் பள்ளி இருப்பதை அறிவோம். குற்ற வழக்கில் சிக்கிய இளைஞர்களை மற்றக் கைதிகளோடு அடைக்காமல், தனியே வைத்துத் திருத்தும் இடம் அது. அதன் மதிலைக் கடக்கும்போது, ‘யார் பெற்ற பிள்ளைகளோ’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம்.

பிள்ளை தடம் மாறுவது எங்கே தொடங்குகிறது? நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1972-73-இல் பிறந்த ஏறத்தாழ 1,000 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் கவனித்து வந்தார்கள். சிறு வயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்களே, 32 வயதுக்குள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களில் மிகுதியாக இருந்தார்கள். குடும்ப வசதியையும் அறிவுத்திறனையும் கணக்கில் கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. ஆனால் வளர வளரத் தன்னடக்கம் கூடியவர்களின் வாழ்வு மேம்பட்டிருந்தது. ஆகவே, இது தலையெழுத்து அன்று.

எப்படிப் பழக்குவது? காட்ஃபிரட்சன், ஹிர்ஷி என்னும் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர்கள் 1990-இல் மூன்று கடமைகளைச் சொன்னார்கள்: பிள்ளையைக் கவனித்தல், தவறைத் தவறென்று உணர்தல், திருத்துதல். லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணவில்லை என்றதும் மரியாவும் யோசேப்பும் எருசலேமுக்கே திரும்பித் தேடினார்கள். கண்டதும் தாய் வாய்திறந்து கேட்டார். பிறகு நாசரேத்துக்கு அழைத்து வந்தார்கள். இயேசு பாவம் செய்யவில்லை. ஆயினும் பெற்றோர் தேடாமலும் கேட்காமலும் இருந்துவிடவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்கிறார், பணம் வருகிறது. மகன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறான். யாரோடு இருந்தான் என்று கேட்பதில்லை. கையில் புதிய செல்போன். யார் கொடுத்தது என்று கேட்பதில்லை. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபின் பெல்ட்டைக் கழற்றுகிறோம். பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாம் என்கிறது எபேசியர் திருமுகம் (6:4). அடி அச்சத்தைத் தரும். அடிப்பவர் அகன்றதும் அச்சமும் அகன்றுவிடும். தன்னடக்கமோ யாரும் பார்க்காதபோதும் கூடவே நிற்கும். அது தூய ஆவியின் கனி (கலாத்தியர் 5:23). கனி ஒரே நாளில் பழுப்பதில்லை.

இன்று இரவே தொடங்குவோம். அனைவரும் ஒன்றாக உண்போம், செபமாலை சொல்வோம், அன்றைய நாளைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்போம். வெளிநாட்டிலுள்ள தந்தையும் அலைபேசியில், மதிப்பெண்ணை மட்டுமல்ல, நண்பர்களின் பெயரையும் கேட்கட்டும். ஏற்கெனவே வழிதவறிய பிள்ளை வீட்டில் இருந்தால், கதவை அடைத்துவிட வேண்டாம். ஊதாரி மகனின் தந்தை வழிபார்த்தே நின்றார்.

திருக்குடும்பம் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவதாக. ஆமென்.