பல்லைப் பார்த்து வாங்குங்கள்

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் சைக்கிளுக்கு அந்தத் தடை இல்லை. ‘21 கியர்’ என்ற ஸ்டிக்கரை விட்டுவிட்டு, குனிந்து பற்களை எண்ணுங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய கறுப்புச் சைக்கிளின் செயின் வீலில் 44 பல். பின்னால் ஃப்ரீவீலில் 18. வகுத்தால் 2.44. பெடல் ஒரு சுற்று போனால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று போகும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். சமதரைக்கு இதுவே போதும்.

அதே வண்டியை மலைப்பாதைக்குக் கொண்டுபோவோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலை. ஆளும் வண்டியுமாக 90 கிலோ. 100 வாட் திறனோடு மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் நகரலாம். பெடலோ நிமிடத்துக்கு 19 முறைதான் சுற்றும். மிதிக்கும் காலில் சராசரி அழுத்தம் 30 கிலோ, உச்சத்தில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மூச்சு தாங்கினாலும் முழங்கால் தாங்காது. இறங்கித் தள்ளுகிறோம்.

முன்னால் 24, பின்னால் 28 பல் இருந்தால்? அதே ஏற்றம், அதே வேகம். பெடல் 53 முறை சுற்றும், சராசரி அழுத்தம் 10 கிலோவாகிவிடும். வேலை குறையவில்லை. பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, 21 கியரில் உண்மையில் எத்தனை? முன்னால் 42, 34, 24. பின்னால் 14 முதல் 28 வரை ஏழு சக்கரங்கள் என்று வைத்துக்கொள்வோம். 42-க்கு 28 பூட்டினாலும் 24-க்கு 16 பூட்டினாலும் விடை 1.5. 34-க்கு 22 பூட்டினால் 1.55. மூன்று கியர், ஒரே வேலை. இப்படிக் கழித்தால் பதினான்கு பதினைந்துதான் மிஞ்சும். அதிலும் பெரியதோடு பெரியதைப் பூட்டினால் செயின் கோணலாக இழுபட்டுச் சீக்கிரம் தேயும்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஓடிக்கொண்டே கியர் மாற்றும் டிரெய்லியர் (derailleur) கருவி 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் வெவ்வேறு பற்கள் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார்கள். சமதரைக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று. எத்தனை கியர் என்பதைவிட எந்தக் கியர் என்பதே அவர்கள் கவலை.

நமக்கும் அதுதான். ஊரில் மேம்பாலம் மட்டும் என்றால் மிகக் குறைந்த விகிதம் 1.5 இருந்தால் சமாளிக்கலாம். மலையேறும் எண்ணம் இருக்கிறதா? முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தில் பல் கூடுதலா என்று மட்டும் எண்ணிவிடுங்கள். அப்புறம் விலை பேசலாம்.