சோற்றைக் குறைத்தால் போதுமா?



தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம்மவர் இருவர் சந்தித்தால், முன்பெல்லாம் மாற்றல் உத்தரவைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா என்பது பற்றியும் பேசிக்கொள்வார்கள். இப்போது நாற்பது வயதைக் கடந்தவர்களிடையே பேச்சு விரைவில் இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுகிறது. அதையடுத்து, "நீங்கள் இன்னும் சோறு சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. ஏதோ தகாத பழக்கத்தைப் பற்றி விசாரிப்பது போன்ற குரலில் அது கேட்கப்படுகிறது.

மாவுச்சத்தைப் பெரிதும் குறைத்து உண்பது உடலுக்கு நல்லதா, அதனை நிறைவான உணவு என்று கொள்ளலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் வைத்தியன் அல்லன். அரசாங்கக் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் தொழில். ஆயினும் என் பக்கத்து நாற்காலியில் பதினோர் ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு, இது பற்றி இயன்றவரை படித்துத் தெரிந்துகொண்டேன்.

நண்பர் தஞ்சை மாவட்டத்துக்காரர்; என்னினும் மூத்தவர்; நான் அவரை அண்ணா என்றே அழைப்பது வழக்கம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகத் தெரிந்த அன்றே அவர் வீட்டில் அரிசிப் பானை இறக்கி வைக்கப்பட்டது. தில்லியில் கோதுமைக்கு என்ன பஞ்சம்? பகலில் நான்கு சப்பாத்தி, இரவில் ஐந்து, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. "அரிசியைத் தொடவே இல்லையே!" என்று அவர் அங்கலாய்த்தார்.

அவர் செய்த பிழை நம்மில் பலரும் செய்வதுதான். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. நூறு கிராம் கோதுமை மாவிலும் 65 முதல் 70 கிராம் வரை உள்ளது. கோதுமையில் புரதமும் நாரும் சற்றுக் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் ஒன்பது சப்பாத்தியின் மாவு வயிற்றுக்குள் போனபின் அந்தச் சிறு வேறுபாட்டால் என்ன பயன் விளையும்? இது என் ஊகமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவுகள் 2025-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 பங்கே என்று அது காட்டிற்று. வெள்ளை அரிசிக்குப் பதிலாக அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதால் மட்டும் நீரிழிவின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதில் கண்ட செய்தி. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது அபாயம் குறைந்து காணப்பட்டது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 'கார்போஹைட்ரேட்' என்பதற்கு மாவுச்சத்து என்று எழுதி எழுதி நம் கை பழகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் சர்க்கரை, மாவு, நார் ஆகிய மூன்றையும் தழுவியது. நாம் 'மாவு' என்று சொல்வதால், கேட்பவர் மனத்தில் அரிசியும் கிழங்கும் மட்டுமே தோன்றுகின்றன. காபியில் போடும் சர்க்கரையும், மாலையில் கடித்துக்கொள்ளும் பிஸ்கோத்தும் கணக்கில் வராமல் தப்பிவிடுகின்றன. கீரையிலும் அவரையிலும் உள்ள நாரோ, அதே குடும்பத்தில் பிறந்த ஒரே காரணத்தால் வீண் பழியைச் சுமக்கிறது. நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். அதுவரையில் இதனை நினைவில் வைத்துக் கேட்க வேண்டுகிறேன்.

மாவுச்சத்தை ஒதுக்கி உடலைக் குறைக்கும் முறை புதியதன்று. இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்பவர் இருந்தார். அரச குடும்பத்தினரின் ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்துவந்த தொழில் குடும்பம் அவருடையது. 1862-ல், தமது அறுபத்தாறாவது வயதில், அவருடைய எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலம். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலாமல், மாடிப்படியில் பின்புறமாகவே மெல்ல இறங்கிவந்த மனிதர் அவர். காது மந்தமாயிற்று என்று வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் போனார். ஹார்வியோ பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார்ட் என்னும் விஞ்ஞானி கல்லீரலைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தவர். காதுக்கு மருந்து கேட்டவரிடம் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடும்படி சொன்னார். ஓர் ஆண்டில் ஏறக்குறைய 21 கிலோ குறைந்தது. மகிழ்ச்சி தாளாத பான்டிங் 1863-ல் பொதுமக்களுக்குக் கடிதம் என்ற பெயரில் ஒரு சிறு நூலைத் தாமே அச்சிட்டு வழங்கினார். அவர் பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. சுவீடன் நாட்டு மொழியில் இன்றும் உடல் குறைய உண்பதற்குப் 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவருடைய உணவுப் பட்டியலில் ஒரு துண்டு வாட்டிய ரொட்டி இருந்துகொண்டே இருந்தது என்பதை அவர் பெயரைச் சொல்லிக்கொள்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் 81 வயது வரை வாழ்ந்தார்.

பின்னர் 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், காக்கை வலிப்பு நோயாளிகளுக்காகக் 'கீட்டோன்' உணவு என்ற முறையைப் பெயரிட்டு முன்வைத்தார். இன்று ஒல்லியாக விரும்புவோர் 'கீட்டோ' என்று செல்லமாக அழைப்பது, பிறப்பில் ஒரு நோய்க்கான சிகிச்சை. 1972-ல் அட்கின்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய நூல் மாவுச்சத்தைக் குறைக்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது.

இம்முறை உடலில் எவ்வாறு வேலை செய்கிறது? உண்ட மாவு குளுகோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே தேவைப்படாததில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ அளவு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோறும் ரொட்டியும் நின்றவுடன் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை காட்டும் கருவியின் முள் இரண்டு கிலோ இறங்கியதும் நாம் கொழுப்பே உருகிற்று என்று பூரிக்கிறோம். அதில் பெரும் பகுதி தண்ணீர். சேமிப்பு தீர்ந்தபின் கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. மூளையும் தசைகளும் அவற்றை எரிபொருளாகக் கொள்கின்றன. பட்டினிக் காலத்தில் உயிரைக் காப்பதற்காக இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு இது.

பலன் உண்டா என்றால், உண்டு. மாவுச்சத்து குறைந்த உணவை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 23 சோதனைகளைத் தொகுத்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஆறு மாத முடிவில், இம்முறையைப் பின்பற்றியோரில் நூற்றுக்கு 57 பேருக்குச் சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்றவர்களில் 31 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் ஓராண்டு கழிந்தபோது அந்த மேம்பாடு பெரிதும் மங்கிவிட்டது. உடல் எடையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கொழுப்பையும் மறு சாராருக்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி ஓராண்டில் முதற்சாரார் 5.3 கிலோவும், இரண்டாம் சாரார் 6 கிலோவும் இளைத்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். இரு சாராருமே சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கிக் காய்கறியை நிறைய உண்ணும்படி சொல்லப்பட்டவர்கள்.

நெடுங்கால விளைவைப் பற்றி அதே ஆண்டில் வேறோர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் நடுவயதினர் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமார் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உணவின் சக்தியில் 50 முதல் 55 பங்கு மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே மரண விகிதம் மிகக் குறைவாக இருந்தது. அதற்கு மிக மேலே போனவர்களுக்கும், மிகக் கீழே போனவர்களுக்கும் அது ஏறியது. குறைத்த மாவுச்சத்தின் இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு அபாயம் கூடியது. பயறு, கொட்டை போன்ற தாவர உணவுகளால் நிரப்பியவர்களுக்குக் குறைந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை ஐயமற நிறுவாது. எனினும், எதை விட்டோம் என்பதோடு, அந்த இடத்தில் எதை வைத்தோம் என்றும் கேட்டாக வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் முன்பே ஒருவர் எழுப்பியிருக்கிறார். நீலகிரியில் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடத்தைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு, தவிட்டோடு போய்விட்ட தயமின் சத்து இல்லாமல் வரும் நோய் அது. அங்கே அவர் 1920-களில் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன; நம் சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. வடநாட்டு நண்பர்கள் இதைக் கோதுமையின் வெற்றி என்று சொல்லி நம்மைச் சீண்டுவதுண்டு. முழுக்கோதுமையை மக்காரிசன் உயர்வாக மதித்தார் என்பது மெய்தான். ஆனால் அந்தச் சீக்கிய உணவில் ரொட்டியோடு பாலும், வெண்ணெயும், பருப்பும், பச்சைக் காய்களும் தாராளமாக இருந்தன. நம் எலிகளின் தட்டிலோ சோறு மலைபோலவும் மற்றவை ஊறுகாய் போலவும் இருந்தன. அந்தக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அந்நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்பவர் தானியத்தை 250 கிராமோடு நிறுத்தி, காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மாமிசம் 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர் என்று கொள்ளச் சொல்கிறது. நம் வீடுகளில் காய்கறி அந்த அளவில் பாதியைத் தொடுகிறதா என்று ஒரு நாள் நிறுத்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

கடுமையான கீட்டோன் உணவில் நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்படும் மாவுச்சத்து ஐம்பது கிராமுக்கு உட்பட்டது. மூன்று சப்பாத்தியோ ஐந்து சிறு இட்லியோ அதனைத் தீர்த்துவிடும். துவரம் பருப்பிலும் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்தே ஆதலால் சாம்பாரும் ஆகாது, சுண்டலும் ஆகாது, வாழைப்பழமும் ஆகாது. சைவ உணவினர்க்கு எஞ்சுவது பன்னீர், தேங்காய், கொட்டைகள், கீரை. புரதத்துக்கும் நாருக்கும் நாம் நம்பியிருக்கும் பருப்பையே விலக்கும் உணவைச் சமச்சீர் உணவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வைத்தியரின் கண்காணிப்பில் சில மாத காலச் சிகிச்சையாக அது பயன்படலாம்.

கண்காணிப்பு என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சப்பாத்தியில் தோற்ற நண்பர் அடுத்து அந்த எல்லைக்கே ஓடினார். சோறு, ரொட்டி, பருப்பு அனைத்தும் நின்றன. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையை மட்டும் முன்போலவே விழுங்கி வந்தார், வைத்தியரிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் நண்பகல், பேனா கையிலிருந்து நழுவியது. உடல் வேர்த்து, கை நடுங்கி, நான் கேட்டதற்கு வேறெதையோ விடையாகச் சொன்னார். சிற்றுண்டிச் சாலைச் சிறுவன் ஓடிப்போய்க் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீர்தான் அவரை மீட்டது. இன்சுலின் ஊசியோ இத்தகைய மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளை உண்பவருக்கு இரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயமும் உண்டு. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயுள்ளவர்களும் தாமாக இதில் இறங்கவே கூடாது.

நண்பர் இப்போது வேறு விதமாக உண்கிறார். மருந்தின் அளவை வைத்தியர் மாற்றியிருக்கிறார். வீட்டில் மன்னி சோற்றை ஒரு சிறு கிண்ணத்தால் அளந்து வைக்கிறார்; அதைவிடப் பெரிய கிண்ணத்தில் கூட்டு; கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி வாரம் இருமுறை; குளிர்காலத்தில் தில்லிச் சந்தையில் குவியும் பாலக்கும் வெந்தயக் கீரையும் நாள்தோறும். இரவில் இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும். காபியில் சர்க்கரை இல்லை. சென்ற பரிசோதனையில் சர்க்கரை சற்று இறங்கியிருந்தது. முடிவில் இரண்டு பிடி தயிர் சாதம் வேண்டும் என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, வைத்தியரும் வற்புறுத்தவில்லை.